தோல் பழகிடும், டெண்டன் பழகாது: மடக்குக் கத்தியும் கட்டைவிரல் வலியும்

(ஒலிவடிவத்திலிருந்து எழுத்தாக்கியது. படிக்க வசதியாகச் சற்றே தொகுக்கப்பட்டிருக்கிறது.)

இன்னைக்குப் பேசப்போற விஷயம் ஒரு விரல் அளவுதான். மடக்குக் கத்தியை ஒரே கையால, கட்டைவிரலால தள்ளித் தள்ளித் திறக்கிறவங்களுக்கு அந்த விரல்ல வர்ற வலி. எங்கே வலிக்குது, ஏன் வலிக்குது, எதை மாத்தினா குறையும், எப்போ டாக்டர்கிட்ட போகணும். இவ்வளவுதான்.

"கத்தி திறந்தா விரல் வலிக்குது, இதுக்கு ஒரு எபிசோடா?"ன்னு நீங்க கேட்கலாம். கத்தியை வாங்கி வச்சு விளையாடுறவங்களோட பிரச்சினை மட்டும்தான்னா நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். ஆனா இந்தக் கேள்வி எனக்கு வந்தது தாண்டிக்குடியிலிருந்து. பழனி மலையில, கொடைக்கானலுக்குக் கீழே இருக்கிற ஊர். காபி வாரியத்தோட ஆராய்ச்சி நிலையம் ஒண்ணு அங்கே இருக்கு, தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தோட தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஒண்ணு அதே மலைப் பகுதியில இருக்கு. அதிலிருந்தே அந்த மலையில என்ன வேலை நடக்குதுன்னு புரிஞ்சுக்கலாம். காபி, மிளகு, மலைவாழை, நடுநடுவே ஆரஞ்சு, பட்டர் ஃப்ரூட்.

எங்கூட மெக்கானிக்கல் படிச்ச நண்பன் ஒருத்தன் அங்கே குடும்பத் தோட்டத்தைப் பார்த்துக்கிறான். நான் படிச்சதும் மெக்கானிக்கல்தான், பார்க்கிற வேலை சாஃப்ட்வேர். தமிழ்நாட்டுல இது ஒண்ணும் அதிசயம் இல்ல. அவனுக்கு நாள் முழுக்கக் கையில கத்தி வேணும். உர மூட்டையோட தையலைப் பிரிக்கணும், நாற்றுப் பையைக் கிழிக்கணும், மிளகுக் கொடி கட்டின கயிறை அறுக்கணும், சொட்டுநீர்க் குழாயை வெட்டணும். சரிவான நிலம். ஒரு கையில நாற்றோ, கிளையோ, கயிறோ இருக்கும். அதனால இன்னொரு கையாலேயே திறக்கிற மாதிரி ஒரு மடக்குக் கத்தி வாங்கினான். முதல் வாரம் விரல் நுனி எரிஞ்சது. "பழகிடும்டா"ன்னு அவன் அப்பா சொன்னார். அது பழகிடுச்சு. மூணாவது வாரம் வேற இடத்துல வலி ஆரம்பிச்சது, மணிக்கட்டு ஓரத்துல. பைக்கோட செல்ஃப் ஸ்டார்ட் பட்டனை அமுக்கும்போது சுளீர்னு இழுக்குது. தண்ணி பாட்டில் மூடி திறக்க முடியல. அதுவும் பழகிடும்னு அவன் காத்திருந்தான். அங்கேதான் சிக்கல்.

எது பழகும், எது பழகாது

"பழகிடும்"ங்கிற வார்த்தையில மூணு தனித்தனி விஷயம் ஒண்ணாக் கலந்து கிடக்கு.

முதல்ல, கத்தியே பழகும். புதுக் கத்தியில பிளேடு சுழல்ற இடத்துல ரெண்டு பக்கமும் வாஷர் இருக்கும். அது தேய்ஞ்சு படிய ஒரு சில நாள் ஆகும். அதுக்கப்புறம் கொஞ்சம் லேசாத் திறக்கும்.

ரெண்டாவது, தோல் பழகும். ஒரே இடத்துல தேய்ஞ்சா அந்த இடம் தடிச்சுக் காய்ப்பாயிடும். மண்வெட்டி பிடிக்கிற கையைப் பார்த்தாலே தெரியும்.

மூணாவது, உள்ளே இருக்கிற டெண்டன், நம்ம தமிழ்ல தசைநாண். தசையை எலும்போட கட்டியிருக்கிற கயிறு அது. அதுவும் வலுவாகும், இல்லன்னு சொல்லல. ஆனா தோல் ஒரு வாரத்துல செய்ற வேலையை அது செய்ய மாசக்கணக்குல ஆகும், அதுவும் நடுநடுவே ஓய்வு கிடைச்சாத்தான். ஓய்வே இல்லாம அதே அசைவை அதே இடத்துல திணிச்சா, வலுவாகுறதுக்குப் பதிலா அதைச் சுத்தியிருக்கிற உறை தடிச்சுப் போகும்.

தோல் பழகின உடனே நாம என்ன பண்றோம்? எரிச்சல் போயிடுச்சு, சரியாயிடுச்சுன்னு நினைச்சு இன்னும் அதிகமாத் திறக்கிறோம். தோல் கொடுத்துக்கிட்டிருந்த எச்சரிக்கை நின்னுடுது, டெண்டன் மேல விழுற சுமை கூடுது. நண்பனுக்கு நடந்தது இதுதான்.

வலி எந்த இடத்துல?

சாஃப்ட்வேர்ல ஒரு பிழை வந்தா முதல்ல எந்த ஃபைல்ல, எந்த வரியிலன்னு கண்டுபிடிக்கணும். சரிபண்றது அதுக்கு அப்புறம். விரலுக்கும் அதே முறைதான். "கட்டைவிரல் வலிக்குது"ன்னு சொல்றது போதாது. இன்னொரு கையோட ஒரு விரலால மெல்ல அழுத்திப் பார்த்து இடத்தைக் கண்டுபிடிங்க.

முதல் இடம், விரல் நுனியோட சதை. திறக்கிறதுக்குப் பிளேடுல ஒரு சின்னக் குமிழ் இருக்கும், ஸ்டட்னு சொல்வாங்க. அதுல பிடிமானத்துக்காகச் சொரசொரன்னு வரி போட்டிருப்பாங்க. அது தோலைத் தேய்க்குது. சில கத்தியில குமிழுக்குப் பதிலா வட்டத் துளை இருக்கும். அதோட விளிம்பு கூர்மையா இருந்தாலும் இதே கதை. இது தோல் பிரச்சினை. ரெண்டு நாள் விட்டாலோ, ஒரு பிளாஸ்திரி சுத்தினாலோ அடங்கிடும். குமிழோட விளிம்பை மெல்லிய உப்புத்தாள் வச்சு லேசா மழுக்கினா இன்னும் நல்லது.

ரெண்டாவது இடம், மணிக்கட்டோட கட்டைவிரல் பக்க ஓரம். அங்கே எலும்பு கொஞ்சம் புடைச்சிருக்கும். கட்டைவிரலை வெளிப்பக்கம் விரிக்கிற ரெண்டு டெண்டன் அந்த எலும்பு மேல ஒரே உறைக்குள்ள போகுது. ஒரே குழாய்க்குள்ள ரெண்டு கேபிள் இழுத்த மாதிரி. உறை தடிச்சா உள்ளே இடம் இருக்காது, ஒவ்வொரு அசைவும் உரசும். 1895ல் ஃபிரிட்ஸ் டி கெர்வெய்ன்ங்கிற சுவிஸ் அறுவை மருத்துவர் இதை எழுதி வச்சதால, அவர் பேராலேயே இந்த நோயைச் சொல்றாங்க. இது அதிகமா வர்றது பெண்களுக்கு, அதுலயும் கைக்குழந்தையைத் திரும்பத் திரும்பத் தூக்குற அம்மாக்களுக்கு. விரலை விரிச்சபடி மணிக்கட்டையும் வளைச்சுச் சுமை தூக்குற அசைவு அது. கத்தியைக் கட்டைவிரலால வெளிப்பக்கம் துடைக்கிற மாதிரித் தள்ளித் திறக்கிறதும் கிட்டத்தட்ட அதே அசைவுதான்.

வீட்டுலயே பார்க்க ஒரு சோதனை இருக்கு. கட்டைவிரலை உள்ளங்கைக்குள்ள மடக்கி, மத்த விரலால மூடி, முஷ்டியை மெதுவாச் சுண்டுவிரல் பக்கமாச் சாய்க்கணும். 1930ல் எழுதின ஃபிங்கெல்ஸ்டீன் பேர்ல இது பிரபலம். எச்சரிக்கை, இந்த மாதிரிச் சாய்ச்சா நல்ல கையிலயே கொஞ்சம் இழுக்கும். அதனால ரெண்டு கையையும் செஞ்சு ஒப்பிட்டுப் பாருங்க. ஒரு பக்கம் மட்டும் சுளீர்னா அதுதான் செய்தி. வேகமாச் சாய்க்காதீங்க.

மூணாவது இடம், உள்ளங்கைப் பக்கம், கட்டைவிரல் கையோட சேர்ற மடிப்பு. விரலை மடக்குற டெண்டன் அங்கே ஒரு வளையத்துக்குள்ள ஓடுது. கிணத்துக் கப்பியில கயிறு ஓடுற மாதிரின்னு வச்சுக்கோங்க. கயிறுல ஒரு முடிச்சு விழுந்தா கப்பியில வந்து சிக்கும், இன்னும் இழுத்தா டக்குன்னு தாண்டும். விரலை மடக்கி நீட்டும்போது அப்படி டக்குன்னு சத்தமோ தட்டலோ வந்தா அது டிரிகர் தம்ப். சர்க்கரை நோய் இருக்கிறவங்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம்.

நாலாவதா ஒரு இடம், கட்டைவிரலோட அடி மூட்டு, மணிக்கட்டை ஒட்டி. குதிரைச் சேணம் மாதிரி ரெண்டு எலும்பு ஒண்ணு மேல ஒண்ணு உட்கார்ந்திருக்கிற மூட்டு. கூனி, சாவ்னு ரெண்டு பேர் 1977ல் கணக்குப் போட்டுக் காட்டினாங்க. விரல் நுனியில 1 கிலோ அழுத்திப் பிடிச்சா, இந்த அடி மூட்டுல விழுறது சுமார் 12 கிலோ. நுனியில கொஞ்சம்தான் அமுக்குறோம்னு நமக்குத் தோணும், அடியில பன்னிரண்டு மடங்கு போய்ச் சேருது. வயசானவங்களுக்கு இந்த மூட்டுத் தேய்மானம் சகஜம். அவங்களுக்கு ஒற்றைக் கையில திறக்கிற கத்தியை நான் சிபாரிசு பண்ண மாட்டேன்.

வேலையே நோய்க்குப் பேரான கதையும் உண்டு. ஸ்காட்லாந்துல வேட்டைக்காடு காவல்காரங்க முயலைக் கையாலேயே கழுத்தை முறிச்சுக் கொல்றப்போ, கட்டைவிரலைப் பக்கவாட்டுல பிடிச்சிருக்கிற தசைநார் நாளாவட்டத்துல தளர்ந்து போச்சு. 1955ல் கேம்ப்பெல் அதுக்கு வச்ச பேரே காவல்காரர் கட்டைவிரல். ஒரு நாள் அடிபட்டதால வந்தது இல்ல, வருஷக்கணக்கா ஒரே வேலை செஞ்சதால வந்தது.

விரல் ஏன் இவ்வளவு பலம் போடுது?

இப்போ கத்திப் பக்கம் வருவோம். மடக்கின கத்தி பாக்கெட்டுக்குள்ள தானாத் திறந்துடக் கூடாது. அதுக்காக உள்ளே ஒரு குட்டிக் குண்டு இருக்கும். பிளேடுல அதுக்கு ஒரு குழி இருக்கும். மூடியிருக்கும்போது குண்டு குழிக்குள்ள உட்கார்ந்து பிடிச்சுக்கும். திறக்க முதல்ல அந்தக் குண்டைக் குழியிலிருந்து ஏத்தணும். விரல் அதிகமாப் பலம் போடுறது அந்த முதல் தருணத்துலதான். அப்புறம் பிளேடு லேசா ஓடும்.

இதுல நெம்புகோல் கணக்கு வருது. பத்தாம் வகுப்பு இயற்பியல்தான். சுழல்ற அச்சிலிருந்து குமிழ் எவ்வளவு தூரம்? உதாரணத்துக்கு ஒரு கத்தியில 10 மில்லிமீட்டர், இன்னொண்ணுல 20 மில்லிமீட்டர்னு வைங்க. அதே பிடிமானத்தைத் தாண்ட, முதல் கத்திக்கு ரெண்டாவதைப் போல ரெண்டு மடங்கு பலம் வேணும். கதவைக் கீல் பக்கம் தள்ளிப் பாருங்க, கைப்பிடிப் பக்கம் தள்ளிப் பாருங்க. அதே வித்தியாசம். கத்தி வாங்கும்போது யாரும் இதைப் பார்க்கிறதில்ல. குமிழ் அச்சுக்கு ரொம்பப் பக்கத்துல இருந்தா விரல்தான் வட்டி கட்டும்.

அடுத்தது, என் நண்பன் கேட்டு ஆச்சரியப்பட்ட விஷயம். பிளேடைத் திறந்த நிலையில பூட்டி வைக்கிற தகடு பல கத்தியில கைப்பிடியோட ஒரு பக்கச் சுவராகவே இருக்கும். அதே தகட்டுலதான் அந்தக் குண்டும் இருக்கும். நாம கத்தியைப் பிடிக்கும்போது மத்த மூணு விரலும் எங்கே உட்காருது? சரியா அந்தத் தகட்டு மேல. இறுக்கிப் பிடிக்கப் பிடிக்கக் குண்டைக் குழிக்குள்ள நாமே அழுத்துறோம். ஒரு பக்கம் மூணு விரல் பூட்டுது, இன்னொரு பக்கம் கட்டைவிரல் தனியாத் திறக்கப் போராடுது. திறக்கலன்னா இன்னும் இறுக்கிப் பிடிக்கிறோம். அது இன்னும் பூட்டிக்குது.

மாத்து வழி சுலபம். மூணு விரலையும் தகட்டை விட்டு நகர்த்தி, கைப்பிடியோட முதுகுப் பக்கமும் ஓரமுமாப் பிடிங்க. இப்போ திறந்து பாருங்க. அதே கத்திதானான்னு சந்தேகம் வரும்.

தள்ளுற திசையும் முக்கியம். பிளேடு போறது வட்டப் பாதை. நாம விரலை நேர்க்கோட்டுல முன்னாடி தள்ளினா பாதிப் பலம் அச்சைப் போய் அழுத்துது, வீண். குமிழை முதல்ல கைப்பிடியிலிருந்து விலக்குற மாதிரித் தள்ளி, அப்புறம் அது போற வளைவுலயே கூடப் போகணும். நகத்துக்குப் பக்கத்து ஓரத்தால தள்ளாதீங்க, சதையான நடுப்பகுதியால தள்ளுங்க. மணிக்கட்டு நேரா இருக்கட்டும். மணிக்கட்டை வளைச்சு வச்சுக்கிட்டு விரலை விரிச்சா, முன்னாடி சொன்ன அந்த உறைக்குள்ள உரசல் அதிகமாகும்.

தேங்காய் எண்ணெயும் மலைக் குளிரும்

இப்போ சொல்லப்போறது மலைக்கே உரிய விஷயம். கத்தி இறுக்கமா இருந்தா வீட்டுல என்ன பண்ணுவாங்க? ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுவாங்க. சென்னையில, மதுரையில இது ஓரளவு வேலை செய்யும். தேங்காய் எண்ணெய் உறையுறது சுமார் 24 டிகிரியில. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்துல இருக்கு, வெயில் காலத்துப் பகல்லயே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். மார்கழிக் காலையில சொல்லவே வேண்டாம். அங்கே பாட்டில்ல எண்ணெய் கட்டியா நிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. அதே கட்டிதான் கத்தியோட அச்சுக்குள்ளயும். வழுக்குறதுக்குன்னு விட்ட எண்ணெய் மெழுகாப் பிடிச்சுக்குது. தாண்டிக்குடி கொஞ்சம் தாழ்வுன்னாலும் அதிகாலை வேலைக்கு இதே நிலைமைதான்.

அதோட வாழைக் கறை. மலைவாழைத் தாரை வெட்டினா வடியுற பால் முதல்ல தண்ணி மாதிரி இருக்கும், காய்ஞ்சா பிசின். வேட்டியில பட்டாப் போகாதுன்னு எல்லாருக்கும் தெரியும். அதே பிசின் அச்சுக்குள்ள மண்ணோட சேர்ந்து காய்ஞ்சா என்ன ஆகும்? நண்பனோட கத்தியைக் கழட்டினப்போ உள்ளே கறுப்பா ஒரு அடை இருந்தது.

சுத்தம் பண்றது அஞ்சு நிமிஷ வேலை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியில கத்தியைத் திறந்து மூடித் திறந்து மூடி, பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சுக் கழுவணும். நல்லாக் காய வைக்கணும். அச்சுல ஒரே ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய். அது குளிர்ல உறையாது. அதுக்கப்புறமும் இறுக்கம்னா அச்சுத் திருகை எட்டுல ஒரு பங்கு சுத்துத் தளர்த்துங்க. பெரும்பாலும் நட்சத்திர வடிவ டார்க்ஸ் திருப்புளி வேணும். தளர்த்தினதும் பிளேடைப் பிடிச்சுப் பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க. ஆடினா அதிகமாயிடுச்சு, திரும்ப முடுக்குங்க. மூடின கத்தியைத் தலைகீழாப் பிடிச்சு உதறினா பிளேடு வெளியே வரக் கூடாது. விரல் வலியைக் குறைக்கப் போய்த் தொடையில குத்து வாங்க வேண்டாம்.

குளிர் கையையும் மாத்தும். சில்லுன்னு ஆன விரலுக்குத் தொடு உணர்ச்சி குறையும், வேகம் குறையும். எவ்வளவு அழுத்துறோம்னு தெரியாததால தேவையை விட இறுக்கிப் பிடிப்போம். காலையில முதல் வேலைக்கு முன்னாடி ஒரு டம்ளர் காபியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக் குடிங்க. மலையில அது கைக்கும் மருந்து.

எண்ணிப் பார்த்தா தெரியும்

சாஃப்ட்வேர்ல ஒரு புரோகிராம் மெதுவா ஓடினா, ஊகிச்சுத் திருத்தக் கூடாது, முதல்ல அளக்கணும்னு சொல்லிக் கொடுப்பாங்க. நண்பனையும் ஒரு நாள் எண்ணச் சொன்னேன். முறை எளிது. ஒரு பையில காபிக் கொட்டை, இன்னொரு பையில மிளகு. எதையாவது வெட்டுறதுக்காகக் கத்தியைத் திறந்தா ஒரு காபிக் கொட்டையை டப்பாவுல போடணும். சும்மா திறந்தா ஒரு மிளகு.

சாயந்திரம் டப்பாவுல 45 காபிக் கொட்டை, 73 மிளகு. மொத்தம் 118 தடவை. அதுல பாதிக்கு மேல எதையும் வெட்டவே இல்ல. நடக்கும்போது, போன் பேசும்போது, ஜீப்புக்குக் காத்திருக்கும்போது, கை தானாத் திறந்து மூடிக்கிட்டிருந்திருக்கு. பேனா பட்டனை டிக் டிக்னு அமுக்குற மாதிரி.

இந்த எண் கத்தி மாடலை விட, எண்ணெயை விட முக்கியம். ஒரு பைசா செலவில்லாம, ஒரு வேலையையும் விடாம, விரலோட சுமையைப் பாதிக்கு மேல குறைக்கலாம். சும்மா திறக்காம இருந்தாப் போதும். கத்தியைப் பாக்கெட்டுல வைக்காம இடுப்புப் பையில போட்டா கை அங்கே அடிக்கடி போகாது.

திறக்கவே வேண்டாத கத்தி

மிச்சம் இருக்கிற 45ஐயும் பார்ப்போம். எல்லாத்துக்கும் ஒற்றைக் கை வேணுமா? மடக்குக் கத்தி ரொம்ப காலம் ரெண்டு கை சாமான்தான். 1890ல் ஜோசப் ஓபினெல் பிரான்ஸ் மலைப்பகுதியில செஞ்ச விவசாயிக் கத்தியானாலும் சரி, 1897ல் பதிவான சுவிஸ் ஆஃபீசர் கத்தியானாலும் சரி, பிளேடுல நகம் வைக்க ஒரு பள்ளம் இருக்கும். ஒரு கையில பிடிச்சு, இன்னொரு கை நகத்தால இழுக்கணும். செடிக்கு ஒட்டுக் கட்டுற கத்தி இன்னைக்கும் பெரும்பாலும் அப்படித்தான். ஒற்றைக் கைக் கத்தி பரவினது பின்னாடி. 1981ல் ஸ்பைடர்கோ கம்பெனி பிளேடுல வட்டத் துளை போட்டு வித்தது அதுல ஒரு திருப்பம்.

அப்போ கேள்வி, இன்னொரு கை காலியா இருக்கும்போது எதுக்குக் கட்டைவிரலை வருத்தணும்? உர மூட்டை தரையில கிடக்கு. ரெண்டு கையாலத் திறந்தா மானம் போயிடாது. சரிவுல ஒரு கையால கிளையைப் பிடிச்சிருக்கும்போது மட்டும் ஒற்றைக் கையைப் பயன்படுத்துங்க. இன்னொரு வழி, ஆள்காட்டி விரலால தட்டித் திறக்கிற வகை. பிளேடோட அடியில ஒரு சின்ன நாக்கு வெளியே நீட்டிக்கிட்டிருக்கும். வேலையை ரெண்டு விரலுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கலாம். மணிக்கட்டை உதறித் திறக்கிற சினிமா ஸ்டைல் மட்டும் வேண்டாம். பக்கத்துல ஆள் இருப்பாங்க, மணிக்கட்டுக்கும் கெடுதல்.

இதுக்கெல்லாம் மேல ஒரு பதில் அந்தத் தோட்டத்துலயே இருக்கு. அரிவாள். உறையில வச்ச சின்னக் கத்தி. திறக்கவே வேண்டாம், எடுத்தா வெட்டலாம். மலையில தலைமுறை தலைமுறையா மடக்காத கத்தியைத்தான் வச்சிருக்காங்க. அதுல கட்டைவிரலுக்கு வேலையே இல்ல.

கூலி போகும்னு மறைக்கிற வலி

இந்த எபிசோடுக்காக அங்கே போயிருந்தப்போ, காபி பறிக்க வர்ற ஒரு அக்காகிட்ட பேசிக்கிட்டிருந்தேன். அவங்க மடக்குக் கத்தியைத் தொட்டதே இல்ல. ஆனா நான் நண்பனுக்கு மணிக்கட்டு ஓரத்தைக் காட்டி விளக்கிக்கிட்டிருக்கும்போது, அவங்களே தன் கையைத் தொட்டுப் பார்த்து, "எனக்கும் இங்கதான் தம்பி, ரெண்டு வருஷமா"ன்னாங்க. பழத்தை ஒண்ணொண்ணா ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவுல பிடிச்சுத் திருகிப் பறிக்கிற வேலை. நாள் முழுக்க. ஏன் யார்கிட்டயும் சொல்லலன்னு கேட்டேன். "சொன்னா நாளைக்கு வேலைக்குக் கூப்பிட மாட்டாங்கல்ல."

நண்பன் பக்கத்துலதான் நின்னான். எண்ணிப் பார்க்கிறது, கத்தியை மாத்துறது, ரெண்டு நாள் ஓய்வு எடுக்கிறது, இதெல்லாம் அவனால முடியும். தோட்டம் அவனோடது. அந்த அக்காவுக்கு ஓய்வுன்னா கூலி கிடையாது. இப்போ அவன் பறிக்கிறவங்களை மதியத்துக்கு மேல தரம் பிரிக்கிறது, காயப் போடுறதுன்னு மாத்தி மாத்தி விடுறான், அதே கூலிக்கு. பெரிய புரட்சி இல்ல. ஆனா ஒரு கையால ஒரே அசைவை எட்டு மணி நேரம் செய்ற நிலைமை மாறியிருக்கு. ஆள் வச்சு வேலை வாங்குறவங்க யாராவது இதைக் கேட்டுக்கிட்டிருந்தா, "வலிக்குதா?"ன்னு நீங்களே முதல்ல கேளுங்க. அவங்களா சொல்ல மாட்டாங்க.

நண்பனோட விரல் எப்படி இருக்குன்னு கேட்பீங்க. பிடியை மாத்தினான், கத்தியைச் சுத்தம் பண்ணினான், சும்மா திறக்கிறதை நிறுத்தினான், ராத்திரி கட்டைவிரலை அசையாம வைக்கிற ஒரு பட்டை போட்டுக்கிட்டான். ஒரு மாசத்துல செல்ஃப் ஸ்டார்ட் பட்டன் வலிக்காம அமுக்க முடிஞ்சது. நாலையும் ஒரே நேரத்துல செஞ்சதால எது வேலை செஞ்சதுன்னு தனியாச் சொல்ல முடியாது. காலையில கொஞ்சம் இறுக்கம் இன்னும் இருக்கு.

எப்போ டாக்டர்?

ஓய்வு கொடுத்தும் ரெண்டு மூணு வாரத்துல குறையலன்னா போங்க. விரல் மடங்கி நின்னுடுச்சு, நீட்ட முடியல, மரத்துப் போகுது, அடிபட்டதுக்கு அப்புறம் பிடியில பலமே இல்ல, இதெல்லாம் காத்திருக்கிற விஷயம் இல்ல. சிவந்து வீங்கிக் காய்ச்சலும் வந்தா அன்னைக்கே போகணும், குறிப்பா முள்ளோ கத்தியோ குத்தியிருந்தா. டி கெர்வெய்னுக்கும் டிரிகர் தம்புக்கும் பெரும்பாலும் பட்டை, ஓய்வு, தேவைப்பட்டா ஒரு ஸ்டீராய்டு ஊசி, இதுலயே சரியாகும். அறுவை சிகிச்சை கடைசி வழி. சர்க்கரை இருந்தா ஊசிக்கு முன்னாடி டாக்டர்கிட்ட அதைச் சொல்லுங்க, சில நாள் அளவு ஏறலாம். வலி மாத்திரையைப் போட்டுக்கிட்டு அதே வேலையைத் தொடர்றது மட்டும் வேண்டாம். அது எச்சரிக்கை மணியோட வயரைப் பிடுங்குற வேலை.

கிளம்புறதுக்கு முன்னாடி, கொடைக்கானலுக்கு டிரெக்கிங் போறவங்களுக்கு ஒரு விஷயம். கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயம் 2013ல் அறிவிக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோட 31ஆவது பிரிவுப்படி, எழுத்துபூர்வமான முன் அனுமதி இல்லாம சரணாலயத்துக்குள்ள ஆயுதத்தோட நுழையக் கூடாது. அந்தச் சட்டம் ஆயுதம்னு சொல்ற பட்டியல்ல கத்தியும் இருக்கு. ஆப்பிள் நறுக்கத்தான் சார்னு செக்போஸ்ட்ல விளக்கிக்கிட்டு நிக்காதீங்க. ரூம்லயே வச்சுட்டுப் போங்க. விமானத்துல வர்றவங்க கைப்பையிலயும் வைக்கக் கூடாது.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். கத்தி இல்லாதவங்களும் செய்யலாம், ஏன்னா எல்லார் கையிலயும் போன் இருக்கு, அதை ஓட்டுறதும் இதே கட்டைவிரல்தான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், உங்க கட்டைவிரல் எதை அதிகமாச் செய்யுதோ அதை எண்ணுங்க. காபிக் கொட்டையோ மிளகோ எது கிடைக்குதோ அதை வச்சு. தேவைக்குச் செஞ்சது எத்தனை, சும்மா செஞ்சது எத்தனைன்னு பிரிச்சுப் பாருங்க. வீட்டுல அம்மாவோ, பாட்டியோ, வேலைக்கு வர்ற அக்காவோ இருந்தா, அவங்க மணிக்கட்டு ஓரத்தையும் ஒரு தடவை விசாரிச்சு வைங்க.